இடுக்கி பிடித்தவர்

இடுக்கிக்காரர் என்றொரு இனம் உண்டு. எங்கள் கொரியாவின் தேஜான் நகரில், அடுக்குமாடி வீடுகளில் மாடிக்கு ஒருவராவது தேறுவார். வாரம் முழுக்க வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத இந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை மேசை அடுப்பை வைத்து, ஊறிய மாட்டிறைச்சிக் கிண்ணத்தை மனைவி கொண்டுவந்த மறுகணம், இடுக்கியை எடுப்பார், இறைச்சி வெட்டும் கத்தரிக்கோலை எடுப்பார், எல்லார் நிம்மதியையும் எடுப்பார்.

"தொடாதே! இப்பத் திருப்பக் கூடாது!"

எப்போது திருப்பலாம்? அது அவருக்கும் இறைச்சிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று தியாகம் வேறு.

என் அக்கா ஓக்ரானின் கணவர் மான்சு இந்த இனத்தின் திலகம். வயதில் சிறியவர்கள் "கொடுங்க, நான் சுடறேன்" என்று கேட்பது எங்கள் ஊர் மரியாதை. கேட்டால் அத்தானுக்குக் கோபம் வரும். கேட்காவிட்டால் அதைவிடக் கோபம் வரும். அவர் மகள் தாஜங்கைப் பெண் கேட்டு வந்த முதல் பையன் கேட்கவே இல்லை, "மரியாதை தெரியாதவன்." இரண்டாமவன் நாலு முறை கேட்டான், "என் கையை நம்பாதவன்." இரண்டு சம்பந்தமும் அடுப்பிலேயே கருகின.

மூன்றாவதாக வந்தவன் கியூவான். தாஜங் இவனை உயிராய் நேசித்தாள். வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை கேளு. மூணாவது தடவை வாயத் தொறந்தே, கல்யாணம் இல்ல!"

பையன் கணக்காக இரண்டு முறை கேட்டான். அத்தான் கணக்காக இரண்டு முறை மறுத்தார். அக்கா மூச்சுவிட்டாள். சம்பந்தம் கூடிவிட்டது என்றே நினைத்தேன்.

அத்தான் இடுக்கியால் முதல் துண்டைத் தூக்கினார். துண்டு வரவில்லை. இன்னொன்றைப் பிடித்தார், அது பிட்டாய் உதிர்ந்தது. சட்டியில் இருந்தது இறைச்சியே அல்ல, நல்லெண்ணெய் மணக்கும் கூழ்.

"கறிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

"அவன் ஏமாத்தலே," என்றாள் அக்கா. "நான் பேரிக்காய் அரைச்சுப் போட்டு நல்லாத்தானே ஊற வச்சேன்? நீங்க என்ன போட்டீங்க?"

"...கிவிப்பழம். மெத்துனு இருக்கட்டுமேன்னு."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். மூணே மூணுதான்."

கிவி அரை மணிக்கு மேல் இறைச்சியில் கிடந்தால் கறியே கரைந்துவிடும் என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அத்தான் தலை குனிந்தது. அவமானப்பட்ட இடுக்கிக்காரர் வீட்டில் கல்யாணம் நடக்குமா? தாஜங்கின் முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கியூவான் கரண்டியை எடுத்தான். கூழை அள்ளிச் சோற்றில் போட்டுப் பிசைந்தான். கிண்ணம் காலியானது.

"ஐயா, இவ்வளவு மெத்துனு நான் சாப்பிட்டதே இல்ல. இன்னொரு கிண்ணம் சோறு கிடைக்குமா?"

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அத்தான் மெல்ல நிமிர்ந்தார்.

"ஐயா என்ன ஐயா! மாமான்னு கூப்பிடுப்பா!"

தாஜங் அழுதேவிட்டாள். இவனல்லவோ மாப்பிள்ளை என்று மனதார வாழ்த்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு மாமா," என்றான் மாப்பிள்ளை, குரலைத் தணித்து. "நான் கிவிக்குப் பதிலா அன்னாசி போடுவேன். அடுத்த வாரம் நான் வந்து செஞ்சு காட்டறேன், பாருங்க. அடுப்பும் கொஞ்சம் தணிவா இருக்கு." சொல்லிக்கொண்டே கையை நீட்டி இடுக்கியை எடுத்துக்கொண்டான்.

கறியைக் கரைப்பதில் அன்னாசி கிவிக்கே அண்ணன். அக்காவும் தாஜங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா என்று கூப்பிடச் சொல்லியாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கிவியைப் படித்தபோது, "மூணு எதுக்கு? அரைப் பழம், கடைசி இருபது நிமிஷம், அது போதுமே" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, அது உங்கள் வீட்டாருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கு நன்றாகவே கேட்டது.