வடிவின் சார்பாக ஆடிய சடுகுடு

வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் முதலில் ஒரு விழா எடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும் செங்காணி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அவையில் சரிபாதி நாற்காலிகள் பெண்களுக்கு என்று சட்டம் உண்டு. பெண்கள் தேர்தலில் நின்றார்கள், வென்றார்கள், மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாற்காலியில் அவர்களுடைய கணவன்மார் வந்து உட்கார்ந்தார்கள். இதற்குச் சார்புமுறை என்று பெயர். யாரும் சிரித்ததில்லை. விளையாட்டுத்துறை அமைச்சர் மங்களநாயகி அம்மையாரின் சார்பில் அவர் கணவர் மார்த்தாண்டர் அவைக்கு வருவார். "ஒரு பெண் என்ற முறையில் சொல்கிறேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டு பேச்சைத் தொடங்குவார். அவை கைதட்டும்.

அந்த நாட்டின் தென்கோடி ஊரில் வடிவு என்று ஒரு பெண். பதினைந்து வயது. பணியாரக் கடை சங்கிலியாண்டியின் ஒரே மகள். சாயங்காலமானால் அவளும் தெருப்பெண்களும் வற்றிய குளத்துப் பொட்டலில் சடுகுடு ஆடுவார்கள். அவள் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் வெறுங்கையோடு திரும்பமாட்டாள். அவர்களை யாரும் ஊக்குவிக்கவில்லை. அதனால் ஆட்டம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

ஒருமுறை மகாராஜா பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனார். அங்கே பெண்பிள்ளைகள் ஒரு வெள்ளிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டார். "நம் பெண்கள் ஏன் விளையாடுவதில்லை?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார். விளையாடுகிறார்களே என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கன்னியர் விளையாட்டு ஊக்குவிப்புச் சட்டம் பிறந்தது. ஊருக்கு ஒரு பெண்கள் அணி, இறுதி ஆட்டம் தலைநகரில், மகாராஜா முன்னிலையில்.

தண்டோராவைக் கேட்டு வடிவு தெருவென்றும் பாராமல் குதித்தாள். தலைநகர் மைதானத்தில் ஒரே ஒரு தடவை பாடிப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஊக்குவிக்க வேண்டுமானால் ஊக்குவிப்பு அலுவலகம் வேண்டுமல்லவா? அதைப் பொட்டலின் பாதியில் கட்டினார்கள். மீதிப் பாதியைச் சுற்றிப் பெண்களின் பாதுகாப்புக்காக மதில் எழுப்பினார்கள். மதிலுக்குள் ஒரு பெண் தனியாகப் போகலாமா? தகப்பனோடுதான் வரவேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. தகப்பன் இல்லாத பெண்கள் அன்றோடு நின்றுபோனார்கள். தகப்பன் உள்ள வீடுகளில் கடை பூட்டிக் கிடந்தது, கலப்பை சும்மா கிடந்தது. மதிலோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்ட தகப்பன்மார் ஒருநாள் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் இங்கே கிடந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டார்கள்.

மார்த்தாண்டர் நேரில் வந்தார். கண்ணை மூடிச் சிறிது யோசித்தார்.

"ஒரு பெண் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டுக்கு ஒருவர் போதும். அவையில் எப்படியோ, ஆடுகளத்திலும் அப்படியே. மகளின் சார்பில் தகப்பன் ஆடட்டும்."

வடிவு முன்னால் வந்தாள். "அப்போ நான் எங்க நிக்கிறது?" என்றாள்.

"நீ வீட்டில் நின்று பெருமைப்படலாம், குழந்தாய்" என்றார் அவர்.

வடிவு தகப்பன் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, ஒரு எட்டு ஓடி உங்கள நான் பாத்ததே இல்லையே!"

"நானா கேட்டேன் தாயி? மாட்டேன்னா கடைக்குச் சீல் வச்சிருவாங்களாம்" என்றான் சங்கிலியாண்டி. மகளின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று தலைநகரமே திரண்டிருந்தது. தொப்பையும் தாடியுமாகக் கன்னியர் களமிறங்கினார்கள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு மகளின் பெயர். நிஜ மகள்களை ஓரமாக ஒரு பந்தலில் உட்கார்த்தி, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கைதட்டுவது அவர்கள் பொறுப்பு.

"இதோ, செல்வி வடிவு மான்போலத் துள்ளி வருகிறார்!" என்று அறிவிப்பாளர் முழங்கினார். சங்கிலியாண்டி மூச்சிரைக்க நடுக்கோட்டைத் தாண்டினான். எதிரணியில் மூன்று கன்னியர் அவன்மேல் விழுந்தார்கள். அவன் கணுக்கால் முறிந்த சத்தம் பந்தல்வரை கேட்டது.

அரண்மனை வைத்தியர் பெட்டியோடு ஓடிவந்தார். கீழே கிடந்து துடித்தவனைத் தாண்டி, நேரே பந்தலுக்கு வந்து, வடிவின் காலைப் பிடித்தார்.

"எங்கே வலிக்கிறது?"

"எனக்கு இல்லீங்க. அங்க எங்கப்பா கெடக்காரு!"

"காயம்பட்டது செல்வி வடிவு. வைத்தியமும் செல்வி வடிவுக்குத்தான். வலிக்கிறதா, இல்லையா?"

வடிவு காலை இழுத்துக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "வலிக்கல" என்றாள்.

வைத்தியர் எழுந்து கையை உயர்த்தினார். "ஆட்டக்காரி நலம்! ஆட்டம் தொடரட்டும்!"

இரண்டு காவலர்கள் சங்கிலியாண்டியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கோட்டருகே நிறுத்தினார்கள். ஒடிந்த காலை ஊன்றியதும் அவன் அலறிய அலறலை வடிவால் தாங்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடினாள். தகப்பனைத் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். எதிரே கோடு இருந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே தாண்டினாள்.

எதிரணித் தகப்பன்மார் வாயைப் பிளந்து நின்றார்கள். வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மைதானத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. மகாராஜா கையிலிருந்த இளநீர் கீழே விழுந்து உருண்டது.

"ஐயோ! பெண்கள் ஆட்டத்துக்குள் ஒரு பெண் நுழைந்துவிட்டாள்!" என்று கத்தினார் மார்த்தாண்டர்.

விசாரணை அங்கேயே, ஆட்டம் பார்க்க வந்திருந்த அவையின் முன்னால் நடந்தது. குற்றம் ஆள்மாறாட்டம்.

"நாந்தான வடிவு?" என்று கேட்டாள் வடிவு.

"செல்வி வடிவு அதோ, கால் ஒடிந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் பெயர் இருக்கிறது. உன்னிடம் என்ன அத்தாட்சி?" என்றார் மார்த்தாண்டர்.

மகாராஜா ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தார். சங்கிலியாண்டி காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து அவர் காலடியில் விழுந்தான்.

"மகாராசா, எம்மக சார்பில நான் போறேன். அதுக்குத்தான சட்டம் போட்டிருக்கீக?"

மார்த்தாண்டர் அதிர்ந்து எழுந்தார். அவர் அப்படி அதிர்ந்ததை அவை அதுவரை கண்டதில்லை. "என்ன அக்கிரமம்! ஒரு பெண் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவர் தண்டனையை இன்னொருவர் அனுபவிப்பதாவது! அவளுக்கென்று ஓர் உரிமை இல்லையா? சிறைக்கு அவள் நேரில்தான் போவாள்!"

மகாராஜா கண் கலங்கினார். அவை எழுந்து நின்று கைதட்டியது. தகப்பனைத் திரும்பிப் பார்க்கக்கூட விடாமல் வடிவைக் கொண்டுபோனார்கள்.

சிறைக்குள் கால் வைத்தவள் திகைத்து நின்றாள். நாட்டில் வேறெங்கும் அவள் கண்ணில் படாத பெண்களெல்லாம் அங்கே இருந்தார்கள். ஒருவருக்குக்கூடச் சார்பில் வர ஆள் இல்லை.

நரைமுடிக்காரி ஒருத்தி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். "என்ன செஞ்சே தாயி?"

"என் பேர்ல நானே ஆடிட்டேன்."

"நான் என் நாற்காலில நானே போய் ஒக்காந்துட்டேன். அதுக்கு ஆறு வருசம்" என்றாள் அவள்.

மதில் ஏற்கெனவே இருந்தது. தகப்பனைக் கூட்டிவரச் சொல்ல ஆளில்லை. முற்றமும் பெரிதாகத்தான் இருந்தது. வடிவு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். அந்த ஆண்டு செங்காணி நாட்டில் பெண்கள் ஆடிய சடுகுடு அது ஒன்றுதான்.