பை ஒட்டும் மெஷின்

மெழுகுவத்தியில் காட்டிய மூன்றாவது பையிலும் ஓட்டை விழுந்தது. இந்த முறை பையோடு சேர்ந்து காப்பாளரின் கட்டைவிரலும் சுட்டுக்கொண்டது.

விரலை வாயில் வைத்தபடி அலமாரிகளைப் பார்த்தார். குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல் செட் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். அத்தனையையும் வெள்ளிக்கிழமைக்குள் பையில் போட்டு ஒட்ட வேண்டும். இன்று திங்கள்.

பஸ் நிலையத்தின் கடைசி மூலையில், பஸ் கழுவும் இடத்தை ஒட்டி இருந்தது அவருடைய அறை. பக்கத்துப் பம்பு நாள் முழுக்க ஓடும். ஓடும்போது வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற சாமான்கள் அங்கேதான் வந்து சேரும். அவருடைய பதவி 'தவறிய பொருள் காப்பாளர்'. நிலையத்தில் அதைச் சுருக்கி 'தவறினவர்' என்று ஆக்கிவிட்டார்கள். ஒருமுறை புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, "தவறினவர் வீடுங்களா?" என்று கேட்டுவிட்டார். போனை எடுத்த மாமியார் ஓவென்று அழ ஆரம்பித்து, இரண்டு உறவினர் வீடுகளுக்குத் தகவலும் போன பிறகுதான், காப்பாளர் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தார்.

காலையில் சுற்றறிக்கையோடு இரண்டு கட்டு பிளாஸ்டிக் பைகள் வந்திருந்தன. ஒட்டும் மெஷின் வரவில்லை. மேலாளரிடம் போய்க் கேட்டார்.

"மெஷின் அடுத்த லாட்ல வரும்."

"அடுத்த லாட் எப்போ வரும் சார்?"

"முந்தின லாட் வந்ததுக்கப்புறம்."

காப்பாளர் திரும்பினார். மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. வெள்ளிக்கிழமை வர்ற அதிகாரி இது மாதிரி ஒன்பது ரூமை மூடிட்டு வர்றார். பை ஒட்டலைன்னு ஒரு சாக்கு கிடைச்சா போதும், உங்க ரூம்ல டயரை அடுக்கிடுவாங்க."

"அப்போ நான் சார்?"

"டயரை எண்ண ஆள் வேணும்ல?"

காப்பாளர் அந்த அறைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. எந்தக் குடை எந்த பஸ்ஸில் வந்தது என்று பார்க்காமலே சொல்வார். சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொன்றையும் துடைத்து வைப்பார். தேடி வருகிற சொந்தக்காரர்கள் வருடத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கேட்பாரற்ற அந்தச் சாமான்களுக்கெல்லாம் உறவு என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான் இருந்தார். டயர்களை அப்படி நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

புகை வாசனை பிடித்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, ரூமையே கொளுத்துறீங்களா?"

"பையை ஒட்டுறேன்ப்பா."

"மெழுகுவத்தியில பை ஒட்டாதுண்ணே, உங்க விரல்தான் ஒட்டும். அயர்ன் பாக்ஸுக்குள்ள தட்டையா ஒரு கம்பி சுத்தியிருக்கும். அதை ஒரு சாண் எடுத்துப் பலகையில இழுத்துக் கட்டுங்க. மேல ஒரு கட்டையைக் கீல் வச்சு அமுக்குற மாதிரி பண்ணுங்க. கடை மெஷினெல்லாம் அதேதான்."

மூன்றாவது தட்டில் ஒரு அயர்ன் பாக்ஸ் இருந்தது. வந்து மூன்று வருடம் இரண்டு மாதம். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் கேட்காத பொருள் நிலையத்துக்கே சொந்தம் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கை கொஞ்சம் கூசியது.

பாதி பிரித்திருந்தபோது அறிவிப்பாளர் அம்மா பிளாஸ்க்கோடு வந்தார். மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்க மைக்கில் பஸ் நேரம் சொல்கிறவர். தொண்டை தேய்ந்துவிடும் என்று மற்ற நேரத்தில் வாயே திறக்க மாட்டார். வெந்நீர் கெட்டில் காப்பாளர் அறையில் மட்டும்தான் உண்டு என்பதால் தினமும் ஒரு நடை இறங்கி வருவார். தண்ணீர் கொதிக்கும் வரை காப்பாளர் பேசுவார், அவர் "ம்" கொட்டுவார். இப்படி ஒரு கேட்கும் காது காப்பாளருக்கு வீட்டில்கூடக் கிடையாது.

அந்த அம்மா அயர்ன் பாக்ஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மெஷின் பண்றேன் மேடம். இதுல இருக்குற கம்பி வேணும். நீல மூடி, கைப்பிடியில ஒரு கீறல். மூணு வருஷமா யாரும் வரலை, இனிமே யார் வரப்போறா?"

"ம்," என்றார் அந்த அம்மா. வெந்நீரை ஊற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கவுன்டரில் ஒரு தையல்காரப் பெண்மணி வந்து நின்றார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"ஒரு அயர்ன் பாக்ஸ் விட்டுட்டேன் சார். நீல மூடி, கைப்பிடியில கீறல் இருக்கும். இங்க இருக்குன்னு சொன்னாங்க."

காப்பாளரின் மடியில் அயர்ன் பாக்ஸ் பதினான்கு துண்டாகக் கிடந்தது.

"இருக்கு... இருக்கும்மா. சரிபார்க்கணும். வியாழக்கிழமை வாங்க."

"மூணு வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. இன்னும் என்ன சார் சரிபார்க்கணும்?"

"அதான்ம்மா, ரொம்ப வருஷமாச்சுல்ல? நிதானமா பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை, மேசை டிராயரின் அடிப்பலகையைக் கழற்றி அதில் கம்பியை இழுத்துக் கட்டினார். எலக்ட்ரீஷியன் வரும் வரை பொறுமை இல்லை. வயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினார். கம்பி வெள்ளையாகப் பழுத்தது. பை ஒட்டவில்லை, மாயமாகவே மறைந்தது. தவறிய பொருள் காப்பகத்திலேயே ஒரு பொருள் தவறியது அதுதான் முதல் தடவை. அடுத்த நொடி 'டப்' என்று அந்த வரிசை முழுக்க விளக்கு அணைந்தது, பம்பும் நின்றது. கழிவறையிலிருந்து மேலாளரின் குரல், அவர் பதவிக்குப் பொருந்தாத சொற்களோடு வந்தது.

பியூஸ் போட வந்த எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நேரா கொடுத்தா எரியத்தான் செய்யும். கரன்ட்டைக் குறைச்சுக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வேணும்ணே. அதோ அந்த பொம்மை ரயில்ல இருக்கு பாருங்க."

ஐந்து வருடம் முன்னால் வந்த ரயில் அது. சிவப்பு இன்ஜின், நாலு பெட்டி. காப்பாளர் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அறிவிப்பாளர் அம்மா வந்தார்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா இதை விட்டுட்டுப் போன குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைச்சிருக்கும். எங்கே வரப்போகுது?"

"ம்."

வந்தது. மீசையோடுதான் வந்தது. ஐம்பது வயது, ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"என் ரயில் இங்க இருக்காமே!"

"உங்க பையனோடதா சார்?"

"எனக்கு ஏது பையன்? அது என்னோடது," என்றார் அந்த ஆள். கண் கலங்கியிருந்தது. "சிவப்பு இன்ஜின் நல்லாயிருக்கா?"

காப்பாளர் முதுகுக்குப் பின்னால் இன்ஜினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நல்லா... ஓய்வுல இருக்கு. வியாழக்கிழமை வாங்க."

புதன்கிழமை கம்பி அளவாகச் சூடானது. சூடானதும் நீண்டு தொய்ந்து, பை கோணலாக ஒட்டியது. அதுவும் பையும் கம்பியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன.

"ஒட்டிக்காம இருக்க டெஃப்லான் டேப் என்கிட்ட இருக்குண்ணே, தர்றேன்," என்றான் எலக்ட்ரீஷியன். "ஆனா கம்பியை விறைப்பா இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வேணுமே."

காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். கையில் கிடைத்தது, உடற்பயிற்சி செய்கிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்து மார்புக்கு நேரே இழுக்கிற ஸ்பிரிங். ஏழு வருடப் பழசு.

"இதுக்கு ஆள் வந்தா நான் பேரை மாத்திக்கிறேன் மேடம்," என்று அறிவிப்பாளர் அம்மாவிடம் சபதமே செய்தார். அந்த அம்மா ஸ்பிரிங்கை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "ம்" என்றார்.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

"மார்புக்கு இழுக்குற ஸ்பிரிங் தம்பி. அது தொலைஞ்சதுல ஏழு வருஷமா பயிற்சி நின்னு போச்சு. எப்படி இருந்த உடம்பு, பாருங்க!"

காப்பாளர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தானும் ஒரு டம்ளர் குடித்தார். "வியாழக்கிழமை," என்று மட்டும் வாயிலிருந்து வந்தது.

ஒரு பொருளைத் தொட்டால் போதும், எங்கிருந்தோ அதன் சொந்தக்காரர் முளைத்துவிடுகிறார். வருடக்கணக்கில் வராதவர்களை யாரோ கயிறு கட்டி இழுத்து வருகிற மாதிரி இருந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தவர், டிபன் பாக்ஸைத் திறக்குமுன் அது தன்னுடையதுதானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

ஆனால் மெஷின் வேலை செய்தது! கட்டையை அமுக்கி ஐந்து எண்ணி எடுத்தால், பையின் வாய் நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டியிருந்தது. காப்பாளர் ஒரு திட்டம் போட்டார். வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் ஒட்டிவிடுவது. மதியம் மெஷினைப் பிரித்து மூன்று பேர் சாமானையும் பழையபடி பூட்டிக் கொடுத்துவிடுவது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தால் ஒட்டிய பைகளைப் பார்ப்பார். மெஷின் எங்கே என்று எதற்குக் கேட்கப்போகிறார்?

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார். கை பழகிய பிறகு கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள் போனது. பதினொன்றரைக்குக் கடைசிப் பையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது கவுன்டரில் மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மேலாளர் வெளிறிய முகத்தோடு நின்றார். மேலாளருக்குப் பக்கத்தில், ஒரு நாள் முன்கூட்டியே வந்துவிட்ட அதிகாரி.

"இது என்ன?" அதிகாரி மேசையைக் காட்டினார்.

"என் அயர்ன் பாக்ஸ்," என்றார் தையல்காரப் பெண்மணி, மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த நீல மூடியை அடையாளம் கண்டு.

"என் ரயில்!" என்றார் மீசைக்காரர்.

"என் ஸ்பிரிங்," என்றார் பெரியவர்.

அதிகாரி மெஷினை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஒரு சாமானுக்கு மூணு சொந்தக்காரங்களா?"

"மூணும் ஒண்ணாயிடுச்சு சார்," என்று காப்பாளர் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். சொல்லி முடித்தபோது அவர் கண்ணுக்குள் டயர்கள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன.

"பதிவேட்டைக் கொடுங்க," என்றார் அதிகாரி.

பதிவேடு ஒரு பையில் இருந்தது. ஒட்டிய பையில். அதிகாரி கையால் இழுத்தார், நகத்தால் கீறினார், கடைசியில் பல்லால் கடித்தார். பை அசையவில்லை.

"கத்திரிக்கோல் இல்லையா?"

"அதுவும் பையில இருக்குங்க சார்."

தையல்காரப் பெண்மணி தன் கைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி பதிவேட்டைப் பிரித்து, தேடி வந்தவர்களின் விவரம் இருந்த கடைசிப் பக்கத்தைப் படித்தார். முந்தைய பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"ஒன்பது டிப்போ பாத்துட்டேன். ஒரு இடத்துலகூட கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் நின்னு நான் பாத்ததில்லை. யாருமே தேடி வராத ரூம் எதுக்குன்னுதான் மூடிட்டு வந்தேன். இங்க மூணு நாள்ல மூணு பேர்! வரிசையில நிக்கிறாங்க!" காப்பாளரின் தோளில் கையை வைத்தார். "எப்படிங்க வரவழைச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க சார். எல்லாம் என் நேரம்."

"தன்னடக்கம்," என்றார் அதிகாரி மேலாளரிடம். "இந்த ரூம் இருக்கட்டும். மூடின ஒன்பதையும் திறக்கச் சொல்றேன். திங்கட்கிழமை நீங்க தலைமை அலுவலகத்துக்கு வந்து, அந்த ஒன்பது காப்பாளர்களுக்கும் இந்த வழியைச் சொல்லிக் கொடுக்கணும்."

அன்று மாலைக்குள் எலக்ட்ரீஷியன் மூன்றையும் பிரித்துப் பூட்டிக் கொடுத்துவிட்டான். அயர்ன் பாக்ஸ் சுட்டது. ஸ்பிரிங்கைப் பெரியவர் அங்கேயே இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். மீசைக்காரர் கவுன்டர் மேலேயே ரயிலை ஓட்டிப் பார்த்தார். காப்பாளர் உட்பட நால்வரும் அது ஒரு சுற்று வரும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பாளர் அம்மா வெந்நீருக்கு வந்தபோது, காப்பாளர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளில் 'வழிமுறை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"ரூம் தப்பிச்சிடுச்சு மேடம், ஆனா நான் மாட்டிக்கிட்டேன். ஒன்பது பேர் நோட்டும் பேனாவுமா உட்காருவாங்க. நான் என்னத்தைச் சொல்றது? ஒண்ணைப் பிரிச்சா அதுக்குச் சொந்தக்காரர் வந்து நிக்கிறார். இது என்ன ராசின்னே எனக்குப் புரியலை!"

அந்த அம்மா பிளாஸ்க்கை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அந்த அறையில் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"ராசியும் இல்லை ஒண்ணும் இல்லை சார், நீங்க எதைப் பிரிச்சாலும் நான் மேல போய், 'சொந்தக்காரங்க உடனே வரவும், பொருள் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கு'ன்னு மைக்ல சொல்லிட்டுத்தான் அடுத்த பஸ்ஸுக்கு நேரமே சொன்னேன்!"