மலைச் சூரியனும் காபிப் பானையும்

அந்த வாரம் ப்ரெய்ரி ஃபோர்க் ஊருக்குச் சூரியன் இறங்கி வந்திருந்தது. மேலே தினமும் வருகிறதே, அது இல்லை. அது ஓசிச் சூரியன். அதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? இது பிரதர் லெமுவல் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த சூரியன். பீர்ப் பெட்டி அளவு இருக்கும். பின்னால் ஒரு ஒயர், ஒயரின் முனையில் ஒரு பிளக்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பாதிப் பேர் மாட்டை விற்றுவிட்டுக் கஞ்சாவுக்கு மாறியிருந்த காலம். திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. அரசாங்க லைசென்ஸ் சுவரில் தொங்கும். அதன் கீழே தகரக் கொட்டகைக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளரும். அறுத்து உலர்த்திக் கஞ்சா மருந்துக் கடைக்குப் போடுவார்கள். எல்லாரும் வளர்த்தால் வாங்குவது யார்? விலை தரையைத் தட்டியது. கடைக்காரன் பூவை மோந்துகூடப் பார்ப்பதில்லை. "சதவீதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பான். பூவில் எத்தனை சதவீதம் போதை என்பதுதான் கணக்கு. அதைக் கூட்டித் தருகிறேன் என்று ஒரு கழுதை வந்து கத்தியிருந்தாலும் அதற்கும் ஒரு கூடாரம் போட்டிருப்பார்கள்.

வந்தவர் பிரதர் லெமுவல். வழக்கமாகக் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டம் நடக்கும் அதே கூடாரம், அதே மடக்கு நாற்காலிகள், அதே "ஆமென்". சரக்கு மட்டும் வேறு.

"மலை உச்சியில வளர்ற செடிக்கு ஏன் அவ்வளவு வீரியம்? சொல்லுங்க!" என்று அவர் மேடையில் குதித்தார். "புற ஊதாக் கதிர்! கண்ணுக்குத் தெரியாத கதிர்! அது சுடுது. செடி தவிக்குது. தவிச்சுத் தவிச்சுப் போதைப் பிசினைச் சுரக்குது. உங்க கொட்டகையில என்ன நடக்குது? செடி ஏசி போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு! செடி கஷ்டப்படணும், சகோதரர்களே!"

"ஆமென்!" என்றது கூட்டம். கஷ்டப்படப் போவது செடிதானே, கத்துவதற்கு என்ன?

புற ஊதா விளக்கு என்று உண்மையாகவே ஒன்று உண்டு. அதைச் செடிக்குக் கூடுதலாகக் காட்டினால் வீரியம் ஏறுமா ஏறாதா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம். லெமுவலும் போகவில்லை. அவருக்குக் கூடாரத்தில் சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மதியம் சாட்சிக்குச் சிக்கியவள் வர்னா. மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பாத முகத்தைக் கண்டுபிடிப்பதில் லெமுவலுக்கு நல்ல மூக்கு.

"வாம்மா தங்கச்சி. சந்தேகப்படுற கைதான் எனக்கு வேணும்."

அவள் புருஷன் கிளோவிஸ் முதுகில் கைவைத்துத் தள்ளியே விட்டான். லெமுவல் ஈரத் துண்டு ஒன்றால் அவள் முன்கையை அழுத்தித் துடைத்தார். கையில் க்ரீம் இருந்தால் கதிர் இறங்காதாம். துண்டை நனைத்தது மலைப் பனி உருகிய நீராம். பிறகு கூட்டம் முழுக்க வெல்டிங்காரர்கள் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. "இடையில கழட்டினா கண்ணு அவிஞ்சிரும், நான் பொறுப்பில்ல." விளக்கு 'ஙொய்' என்றது. லெமுவல் நீளமாக ஜெபித்தார். ஜெபம் முடியும் தறுவாயில் வர்னாவின் கை திகுதிகு என்று எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் கை சிவந்திருந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, கிளோவிஸ் குழந்தைபோல் அழுதான்.

வர்னா ஆடிப்போய்விட்டாள். நாமதான் மடச்சியோ என்று நினைத்துக்கொண்டே சாப்பாட்டு மேசைக்குப் போனாள். வறுத்த வெண்டைக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டாள். எண்ணெய் வழிந்த வாயை முன்கையால் துடைத்தாள்.

உதடு பற்றிக்கொண்டது. ஐஸ் டீயை இரண்டு டம்ளர் ஊற்றிக் கவிழ்த்தும் அடங்கவில்லை. கையை நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தாள். சூரியன் சுடும், சரி. காரமாக இருக்குமா?

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். "கிளோவிஸ், அந்தத் துண்டுல மிளகாய்ச் சாறு."

"உனக்கு எதுலயுமே விசுவாசம் கிடையாது வர்னா. கை செவந்துச்சா இல்லையா?"

"செவந்துச்சு. உன் கன்னத்துல நான் ஒண்ணு விட்டாலும் செவக்கும். அதுவும் புற ஊதாவா?"

"கேலி பண்ணு, நல்லாப் பண்ணு. பிரதர் நம்ம மேல இரக்கப்பட்டு, காசு வேணாம், இந்த வண்டியக் குடுத்துட்டு விளக்க எடுத்துக்கோன்னுட்டார். ஞாயித்துக்கிழமை சாவியக் கையில குடுக்குறேன்."

வர்னா வண்டியை ஓரத்தில் நிறுத்தச் சொன்னாள். "வண்டி போச்சுன்னா சரக்கக் கடைக்கு எதுல கொண்டு போவ? உன் தலையிலயா? இந்த அறுப்பும் வீணாச்சுன்னா யாரு கோழி ஃபேக்டரிக்குத் திரும்பப் போறது? நீயா? பதினோரு வருஷம் ஐஸ் தண்ணியில நின்னு றெக்கை வெட்டினவ நான். ராத்திரி சட்டைப் பட்டனக்கூடப் போட முடியாது, விரல் அப்படி மரத்துக் கெடக்கும். நான் போகமாட்டேன் கிளோவிஸ். செத்தாலும் போகமாட்டேன்."

"அதுக்குத்தானே இதெல்லாம் பண்றேன்! நீ போகக்கூடாதுன்னுதானே!"

அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாகக் கோபம் வந்தது. பேராசைக்காரனை விடுங்கள். பெண்டாட்டி மேல் பிரியம் வைத்தவனையும் இப்படிப்பட்ட கூடாரம் மொட்டையடித்துத்தான் அனுப்புகிறது.

சனிக்கிழமை வர்னா மருந்துக் கடைக்குப் போய், கள்ளநோட்டுப் பார்க்கும் சின்னப் புற ஊதா விளக்கை இரவல் வாங்கினாள். அப்படியே மளிகைக் கடையில் டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடா ஒரு பாட்டில். அவள் ஒன்றும் விஞ்ஞானி இல்லை. மதுக்கடையில் ஆட்டம் போடும் அறையில், அந்த மாதிரி விளக்குக்குக் கீழே, டானிக் கலந்த கிளாஸ் நீலமாக ஜொலிப்பதை ப்ரெய்ரி ஃபோர்க்கில் பார்க்காதவர் யார்? எல்லாரும் பார்த்ததுதான். ஒருத்தரும் அதைக் கொண்டுபோய் லெமுவலோடு சேர்த்து நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கடைசிக் கூட்டம். கூடாரத்தில் நிற்க இடமில்லை. ஆராதனைக்குப் பின் காபி கொடுக்காத கூட்டம் அந்த ஊரில் கூட்டமே இல்லை; அன்றைக்குக் கரண்டில் கொதிக்கும் பெரிய காபிப் பானை வர்னாவின் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் பிளக் பெட்டியில் ஓட்டை இரண்டே இரண்டு. ஒன்றில் மைக். மற்றதில் சூரியன்.

மேடையில் கிளோவிஸும் பக்கத்து நிலத்து ஹாய்ட்டும். ஹாய்ட் தன் மீன்பிடிப் படகைக் கொடுத்து முதல் நாளே விளக்கு வாங்கியவன். அதனால் அவனைவிடப் பெரிய பக்தன் அங்கே கிடையாது. இருவர் கையையும் லெமுவல் துடைத்தார். கண்ணாடிகள் ஏறின. லெமுவல் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து ஜெபம் தொடங்கினார்.

மேடைக்குப் பின்னால் வர்னா தன் கண்ணாடியில் கைவைத்தாள். நிஜமாகவே கண் போய்விட்டால்? போனால் கோழி ஃபேக்டரியிலும் சேர்க்கமாட்டார்கள், அது ஒரு லாபம் என்று நினைத்துக்கொண்டு கழற்றினாள். அங்கே இருந்தது ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். முடிவெட்டும் கடைப் பலகைகூட இதைவிடப் பளிச்சென்று எரியும்.

சூரியனைப் பிடுங்கினாள். காபிப் பானையைச் செருகினாள். 'ஙொய்' நின்றது, அந்த இடத்தில் பானை 'கொர்' என்று ஆரம்பித்தது. ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

"வருது... வருது! எரியுது!" என்று அலறினான் ஹாய்ட். "போன தடவையவிட பலமா எரியுது!"

"ஆண்டவரே, எலும்பு வரைக்கும் எறங்குது!" என்றான் கிளோவிஸ்.

"அல்லேலூயா! மலைச் சூரியன் இறங்கிட்டார்!" என்றார் லெமுவல்.

வர்னா மேடையேறி லெமுவல் கையிலிருந்து மைக்கைப் பறித்தாள். "எல்லாரும் கண்ணாடியக் கழட்டுங்க. ஒண்ணும் அவியாது. பிளக் என் கையில இருக்கு."

கழற்றினார்கள். விளக்கு செத்துக் கிடந்தது. பானையில் காபி நன்றாகக் கொதித்து வாசனை வந்துகொண்டிருந்தது. எலும்பு வரைக்கும் இறங்கியது எது என்று யாருக்கும் தெரியவில்லை; ஒரு கிழவர் பானையையே பக்தியோடு பார்த்தார்.

லெமுவல் மைக் இல்லாமலே பேச ஆரம்பித்துவிட்டார்; அந்தத் தொழிலில் வாய் நின்றால் முடியுமா? "விளக்கு அணையும், சகோதரர்களே! ஆனா கதிர் அங்கேயே நிக்கும்! இந்தத் தங்கச்சி..." பேசிக்கொண்டே, குப்பென்று வேர்த்த முகத்தைக் கையில் இருந்த துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மலைப் பனி நீர் தன் வேலையைக் காட்டியது.

"ஐயோ கண்ணு! தண்ணி! தண்ணி கொண்டாங்கடா, பாவிகளா!"

"என்ன பிரதர், விளக்கே எரியலையே!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அதோடு உடைந்தது. ஹாய்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"மிளகாய் பொய்யாவே இருக்கட்டும். அதுக்காக விளக்கும் பொய்யாயிருமா? வெளிச்சம் ஊதாவாத்தானே எரியுது?" என்று சண்டைக்கு வந்தான். படகைக் கொடுத்தவனாயிற்றே.

"அதையும் பாத்துருவோம் ஹாய்ட்" என்றாள் வர்னா. காபிக் கோப்பைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே டானிக் வாட்டரை வைத்து, விளக்குக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டாள். முதலில் நோட்டு விளக்கு. "குனிஞ்சு பாரு." உள்ளே பாட்டில் நீலமாகப் பேய் மாதிரி ஜொலித்தது. பிறகு பானையைப் பிடுங்கி லெமுவலின் சூரியனைச் செருகிக் காட்டினாள். ஊதா வெளிச்சம் வந்தது. உள்ளே தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

ஹாய்ட் குனிந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்தப் பக்கமாகப் போய் நின்று பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் படகு" என்றான்.

"சும்மா நெறம் அடிச்ச பல்பு" என்று ஒருத்தி கூவினாள். அதற்குள் கண்ணீரும் சளியுமாக லெமுவல் தன் வேனைத் தேடித் தடவிக்கொண்டு போனார். வாசலில் வழிமறித்தவர்கள், படகு முதல் கன்றுக்குட்டி வரை எழுதி வாங்கிய பத்திரத்தையெல்லாம் கிழித்த பிறகே முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். ஷெரீஃப் வரும்வரை ஒரு கிளாஸ் காபியும் கொடுத்தார்கள். அந்த ஊர் மரியாதை அது.

பிக்கப் வண்டி வீட்டுக்குத்தான் திரும்பியது. கிளோவிஸ் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றுக் காட்டிக்கொண்டு ஓட்டினான்.

"வர்னா, நெசமாவே எரிஞ்சுது."

"எரிஞ்சுது. யாரு இல்லன்னா? எதனால எரியுதுன்னுதான் நீ கேக்கல."

"கேக்கணும்னு தோணலை. கண்ணாடி வேற மாட்டிவிட்டுட்டான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் கையை உள்ளே இழுத்து, கூடாரத்திலிருந்து எடுத்துவந்த ஐஸ் டீ கிளாஸை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹாய்ட் வேலி ஓரமாக வந்து, பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் செடியின் வேருக்குப் பாட்டுப் பாடி வீரியம் ஏற்றுகிறாராமே, போய்ப் பார்ப்போமா என்று கேட்டான். வர்னா உள்ளே போய்க் காபிப் பானையைத் தூக்கி வந்து, "போறதுன்னா இதையும் கொண்டு போ" என்று அவன் கையில் கொடுத்தாள்.

ஓக்லஹோமாவில் அவர்களுக்கு ஒரு பானை போதுமாக இருந்தது. நம் ஊரில் எத்தனை கூடாரம் இருக்கிறதோ, அத்தனை பானை வேண்டும். அதுவரைக்கும் இதையாவது செய்யுங்கள்: உன் கண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று எவனாவது கறுப்புக் கண்ணாடி நீட்டினால், மாட்டிக்கொள்வதற்கு முன் அவன் பிளக் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.