நாற்பத்தேழு நீலக் கொடிகள்

இனி சும்மா இருப்பது என்று முடிவு செய்தேன்.

சாதாரண முடிவு இல்லை இது. இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில், பதினோராவது மாடியில், பிறருடைய காப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஜன்னல் திறக்காது. கீழே ஒரு பூங்கா. மேலிருந்து பார்த்தால் பச்சைத் தபால்தலை. அதில் ஒருவன் தினமும் மரத்தடியில் மல்லாந்து படுத்திருப்பான். முகம் தெரியாது. ஆளே எறும்பு அளவுதான். ஆனால் அந்த எறும்பைப் பார்த்துப் பட்ட பொறாமையை என் மேலதிகாரியைப் பார்த்துக்கூட நான் பட்டதில்லை.

இந்த முடிவுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு வேலையை விட்டுவிட்டு, மனைவியோடு சொந்த வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் தோட்டம். அதாவது, பத்திரத்தில் தோட்டம். நேரில் முழங்கால் உயரப் புல். நடந்தால் வேட்டியோ பேண்டோ எதுவானாலும் அதில் ஊசி ஊசியாக விதைகள் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் குடிவரும். மூலையில் ஒரே ஒரு மல்பெரி மரம்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் நிழல் மதிலிலிருந்து மெல்ல இறங்கிவந்து புல்லின் மேல் படுக்கும். ஐந்து மணிக்கு எழுந்து போய்விடும். அந்த இரண்டு மணி நேரமும் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். காற்று வந்தால் பொட்டுகள் எல்லாம் ஒருமுறை எழுந்து, இடம் மாறி, மறுபடி உட்காரும். சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தீர்மானித்தேன். அங்கே ஒரு வலை ஊஞ்சல். அதில் நான். அவ்வளவுதான் வாழ்க்கை.

ஒரே சிக்கல். அந்த நிழல் ஒரு ஆளுக்குத்தான் காணும்.

"ஏம்மா, மரத்தடியில ஒரு வலை ஊஞ்சல் கட்டலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா இருக்க."

"அந்த இடம் எனக்கு வேணுமே."

"உனக்கு எதுக்கு?"

"சும்மா இருக்க."

தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி ஒரு பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. வந்த முதல் மாதமே வேலை தேடிக்கொண்டாள். எண்ணூறு பிள்ளைகளை ஒற்றைப் புருவத்தால் வரிசையில் நிறுத்துகிறவள். மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். அதாவது, நிழலும் அவளும் ஒரே நேரத்தில் வருவார்கள்.

"நீதான் வேலைக்குப் போறியே!"

"அதனாலதான். வேலை செய்யறவங்கதானே சும்மா இருக்கணும்? நீங்க எதுல இருந்து ஓய்வு எடுக்கப் போறீங்க?"

"இருபத்திரண்டு வருஷ அலுப்பு இருக்கு."

"எட்டு மாசமா போகாத அலுப்பு ஊஞ்சல்ல போகப்போகுதா?"

"சரி, ரெண்டு பேரும் இருக்கலாம். நான் ஊஞ்சல்ல. நீ பக்கத்துல நாற்காலி போட்டுக்கோ."

"நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. பேசுவீங்க."

"பேச மாட்டேன்."

"இப்ப என்ன பண்றீங்க?"

இப்படியே ஒரு வாரம் போனது. கடைசியில் நான்தான் பெருந்தன்மையாக ஒரு யோசனை சொன்னேன். தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஆட்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரைக் கூப்பிடுவோம். நாற்காலியா ஊஞ்சலா என்று அவர்கள் சொல்லட்டும். சொன்னபடி கேட்போம்.

"சொன்னபடியா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்னை ஏன்னு கேளு."

பெருந்தன்மைக்குக் காரணம் உண்டு. பகலில் வீட்டில் இருப்பவன் நான். வருகிற ஆளைத் தேநீர் கொடுத்துக் கவிழ்க்கப் போவதும் நான்.

வந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், அகல விளிம்புத் தொப்பி, கொண்டையில் செருகிய பென்சில். வேனின் பின்புறம் நிறைய மண்வெட்டிகள், மண்ணோடு பெயர்த்துச் சுருட்டிய புல்பாய்கள். எல்லோரும் அவரைத் தோட்டக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மனைவியும் வீட்டில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். அங்கேயே என் தேநீர்த் திட்டம் பாதி படுத்துவிட்டது. மீதியை விடவில்லை. மூன்றாவது கோப்பையை நீட்டும்போது மெதுவாகச் சொன்னேன்:

"அந்த மூலையில ஒரு வலை ஊஞ்சல் நல்லா இருக்கும், இல்லீங்களா?"

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார்.

"நான் யார் வாயையும் கேக்கறதில்ல சார்."

"பின்னே?"

"காலைக் கேப்பேன். என்ன வேணும்னு கேட்டா ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. கால் போற இடம்தான் நிஜம்."

பையிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்தார். மெல்லிய கம்பிகளின் நுனியில் உள்ளங்கை அகலக் கொடிகள். எனக்கு நீலம், மனைவிக்குச் சிவப்பு. ஆளுக்கு முப்பது. ஒரு வாரம் அவகாசம். தோட்டத்தில் எங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கிறோமோ, உட்காருகிறோமோ, அங்கே ஒரு கொடி நட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் வரைபடம் போடுவாராம்.

"கொடியை எப்படிப் பார்த்து முடிவு பண்ணுவேன்கிறது இதுல இருக்கு. ரெண்டு பேரும் படிச்சிடுங்க" என்று ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மனைவி அதை ஜன்னலோரம் நின்று படித்தாள். திருப்பியும் படித்தாள்.

"நீங்க படிக்கலையா?"

"கொடி நடறதுக்குப் படிப்பு வேணுமா? இருபத்திரண்டு வருஷமா தாளாப் படிச்சாச்சு. இனி தாளைத் தொடறதா இல்ல."

"சரி" என்று அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் மனைவி ஒரு விஷயத்துக்கு மறுபேச்சில்லாமல் 'சரி' சொன்னால், அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் இது மூன்றாவது 'சரி'.

என் கணக்கு எளிமையானது. யாருக்குக் கொடி அதிகமோ அவருக்கே தோட்டம். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குக் கிளம்பியதும் மரத்தடியில் பதினொரு கொடிகளை நட்டேன். ஐந்து நிமிஷமாவது, ஒன்றாவது! குத்தினேன், நகர்ந்தேன், குத்தினேன். நட்டுவிட்டு நிமிர்ந்தால், புல்லுக்குள் நீலம் நீலமாகப் படபடக்கிறது. ஏதோ பறக்கத் தெரியாத பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கிவிட்ட மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன். இல்லாத ஊஞ்சல் ஆடியது. அதில் என் எடை மெல்லக் கரைந்தது. முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் பெயர். ஒரு பழுத்த மல்பெரி மூக்கில் விழுந்ததும்தான் இறங்கிவந்தேன்.

அன்று மாலை மனைவி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"மரத்தடியிலேயே நிறைய நேரம் இருந்திருக்கீங்க போல."

"ஆமா. அந்த இடம் என்னை விட மாட்டேங்குது."

"ஆனா வேலியோரம் உங்க கொடி ஒண்ணுமே இல்லையே. அப்ப அந்தப் பக்கம் எனக்கா?"

மறுநாள் வேலியோரம் ஒன்பது.

"குழாயடியில?"

புதன்கிழமை குழாயடியில் ஆறு.

"அந்தக் குப்பை மூலை சும்மாதானே கிடக்கு? நான் எடுத்துக்கட்டுமா?"

விடுவேனா? மக்கிய சருகுக்கு நடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு. முப்பதும் தீர்ந்துவிட்டது. தோட்டக்காரம்மாவுக்குப் போன் செய்து இன்னும் இருபது வாங்கிக்கொண்டேன். "இருபதா?" என்று அவர் வியந்ததைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த இடங்களில் பதினேழை நட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக் கண் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன சார், கட்சி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல டாக்டர், தோட்ட வேலை."

"எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?"

"இப்போதைக்கு நான் மட்டும்."

"அப்ப நீங்கதான் தலைவர்?"

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது: "தொண்டர், டாக்டர்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மரத்தடியில் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சப் பொட்டுகள் அவள் நெற்றியில் ஏறி, கன்னத்தில் இறங்கி, தோளில் கொஞ்ச நேரம் தங்கிப் போயின. அழகாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில், விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே அனுப்பிவைத்தேன். எழுந்திருக்கும்போது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தினாள். ஒன்றே ஒன்று.

"அவ்வளவுதானா?" என்றேன், பரிதாபத்தோடு.

"எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டக்காரம்மா வந்தார். கொடி கொடியாக எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நாற்பத்தேழு நீலம். ஒரு சிவப்பு. தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பதினாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். உங்களை மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்ல."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேடம், மரத்தடி உங்களுக்கு. நாற்காலிக்குக் கீழே நாலு கல்லு பதிச்சுத் தர்றேன். சார், மீதித் தோட்டம் மொத்தமும் உங்க பொறுப்பு. புல் வெட்டறது, களை எடுக்கறது, தண்ணி, சருகு, உதிர்ந்த பழம், எல்லாம்."

"ஒரு நிமிஷம். நாற்பத்தேழு பெருசா, ஒண்ணு பெருசா?"

"தாள்லயே போட்டிருக்கே சார். ஒரே இடத்துல கொடி வெச்சவங்களுக்கு உட்கார இடம் வேணும். தோட்டம் பூரா வெச்சவங்களுக்கு வேலை வேணும். குப்பை மூலையில கூட நாலு தடவை நின்னிருக்கீங்களே! சும்மா இருக்கத் தெரியாத உடம்பு சார் உங்களுது."

"மரத்தடியில என் கொடி பதினொண்ணு இருக்கு!"

"பார்த்தேன். பதினொரு தடவை இடம் மாறியிருக்கீங்க. பாவம், நிழல்ல கூட உங்களால ஒரு இடத்துல நிக்க முடியல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஏதாவது சொல்லணுமா? அந்தக் கொடியில ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எண்ணூறு பிள்ளைகள் அந்தப் புருவத்தின் முன்னால் என்ன செய்வார்கள் என்று அன்று புரிந்தது.

"அது வந்து... அதுல சில கொடி..."

"சில கொடி?"

"சாய்ஞ்சிருக்கு. நிமிர்த்தி வைக்கணும்."

"பாருங்க மேடம், என்ன ஒரு அக்கறை!" என்று நெகிழ்ந்துபோனார் தோட்டக்காரம்மா. "மத்த வீடுகளுக்கு மாசம் ரெண்டு தடவை எங்க ஆளுங்களை அனுப்புவேன். இந்த வீட்டுக்குத் தேவையே இல்ல."

இரண்டு மாதம் ஆயிற்று. புல் இப்போது கணுக்காலுக்குக் கீழே, ஒரே சீராக இருக்கிறது. வெட்டியவுடன் அதிலிருந்து எழும் வாசனையில் ஒரு மயக்கம் உண்டு. மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும்போது சில சமயம் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துவிடும். பச்சையின் மேல் மிதக்கிறேன் என்று தோன்றும். அப்போது மரத்தடியிலிருந்து குரல் வரும்: "வலது பக்கம் கொஞ்சம் விட்டுட்டீங்க." கண்ணைத் திறக்காமலே அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று சனிக்கிழமை. மூன்று மணிக்குத் தோட்டக்காரம்மா வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் ஒரு சுற்று நடந்தார். திரும்பி வரும்போது முகமே மாறியிருந்தது. என்னைத் தாண்டிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனார்.

"மேடம், ஒரு உதவி. இன்னிக்கு என் ஆள் ஒருத்தர் வரல. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல புல் வெட்டணும். சாரைக் கொஞ்சம் அனுப்புவீங்களா?"

இதற்காவது அவள் பொங்கி எழுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டின கணவன். பதினோராவது மாடியில் இருந்தவன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. அஞ்சு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடுங்க. புல்லுக்குத் தண்ணி விடற நேரம்."

வேனின் பின்கதவைத் தோட்டக்காரம்மா திறந்தார். உள்ளே மண்வெட்டிகளுக்கும் புல்பாய்களுக்கும் நடுவே, சரியாக ஒரு ஆளுக்கு, நல்ல நிழலாகத்தான் இடம் இருந்தது.