ஏழாவது படம்

"வாங்கம்மா, உட்காருங்க" என்று வரவேற்ற மேனேஜரைப் பார்த்ததும் அவள் உட்காராமல் நின்றுவிட்டாள். ஏழாவது படம்! சாட்சாத் அதே மூஞ்சி.

வேலைக்கான பரீட்சை அது. கம்பெனி ஆட்களின் இருபது போட்டோக்களை வைத்து, கண் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு இணையப் பக்கம் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி வர்ணனை இருக்கவேண்டும். அது திரையில் தெரியாது. கம்ப்யூட்டர் வாய்விட்டு வாசிக்கும். யார் எவரென்று தெரியாததால், அடையாளத்துக்கு இருக்கட்டுமே என்று 'சிடுமூஞ்சி', 'விக் மாமா' என்றெல்லாம் எழுதிவைத்திருந்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் சுத்தமாக மறந்துபோனாள்.

உள்ளே, சோதித்துப் பார்ப்பவர் ஹெட்போனைத் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. அவளுக்கோ, பிள்ளைகளோடு வீட்டிலேயே கிடந்த ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வாய்ப்பு இது. பாவி, நானே கெடுத்துக்கொண்டேனே என்று பதறினாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே ஓடிப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்த வர்ணனையெல்லாம் அழிச்சிட்டு உடனே இணையத்துல ஏத்துங்க!"

இரண்டே நிமிஷம். "ஏத்திட்டேன். அழிக்கிறதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? 'பழசு'ன்னு ஒரு ஃபைல் இருந்துது. அதுல வம்பிருக்காதுன்னு அதையே போட்டுட்டேன்."

"ஐயையோ! நான் முதல்ல எழுதினதே அதுலதாங்க இருக்கு!"

ஏழாவது படத்துக்கு முதலில் எழுதியது, 'விளக்கெண்ணெய் குடித்த சிடுமூஞ்சி'. ரொம்ப ஓவர் என்று அவளே பாதியை வெட்டியிருந்தாள்.

திரும்ப உள்ளே ஓடினாள். "சார், அந்த ஹெட்போன் கரகரங்குதாம். போடாதீங்க, இன்னொரு நாள் பார்க்கலாமே..."

"அப்படியா? ஸ்பீக்கர்லயே போடுங்க, நானும் கேட்கிறேன்" என்றார் மேனேஜர். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா."

கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. சத்தம் கேட்கவில்லை, முகங்கள் மட்டும் தெரிந்தன. மேனேஜரின் நெற்றி சுருங்கியது. ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்தார். முகம் அஷ்டகோணலானது. சோதிப்பவர் அவரிடம் ஏதோ சொன்னார். மேனேஜர் இவளைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு மேல் தாங்காது என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். சோதிப்பவர் சட்டென்று சத்தத்தை நிறுத்தினார்.

"சார், மன்னிச்சிடுங்க! உங்களை 'விளக்கெண்ணெய் குடிச்ச சிடுமூஞ்சி'ன்னு வேணும்னு எழுதலை சார். அந்த 'விக் மாமா', 'தூங்குமூஞ்சி' எல்லாமே பேர் தெரியாம வச்சதுதான்!"

மேனேஜருக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. "தூங்குமூஞ்சின்னு எழுதினது எங்க முதலாளியையா?"

சோதிப்பவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா நீங்க, நான் கம்ப்யூட்டரை வாசிக்க வைக்கிற வேகத்துல அது என்ன சொல்லுதுன்னு என்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாதே! வர்ணனை பிரமாதம், நாளைக்கே சேர்த்துக்கலாம்னு இப்பத்தானே சார்கிட்ட சொன்னேன்!"