கருஞ்சுறாவும் குரங்கு வாலும்

ராஜா வேஷக் கிரீடத்தைத் தலையில் வைத்ததும் பின்னால் குரங்கு வால் கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் போலீஸ் பேண்ட் பிளக்கப் பார்த்தது. செந்தூர்வேலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அசையாம நில்லுங்க தம்பி," என்றார் வீரபாகு. வேஷச் சாமான் வாடகைக்கு விடுகிறவர். "ஒரே ஆளுக்கு மூணு வேஷத்த இப்பந்தான் மாட்டுதேன்."

எல்லாம் ஒரு சிறுநீரகக் கல் செய்த வேலை. போன வருஷம் அது அவனைப் போட்டு உருட்டியபோது, வீட்டுப் பெண்கள் குலசை முத்தாரம்மனிடம் ஆளுக்கொரு நேர்த்திக்கடன் நேர்ந்துவிட்டார்கள். கல் இறங்கினால் தசராவுக்குக் குரங்கு வேஷம் என்று அம்மா. போலீஸ் வேஷம் என்று மாமியார். ராஜா வேஷம் என்று மனைவி ரம்யா. கல்லும் இறங்கித் தொலைத்தது.

"வருஷத்துக்கு ஒண்ணாப் போட்டுக்கிடுதேனே," என்று கெஞ்சிப் பார்த்தான்.

"சாமிக்குப் போயி பாக்கி வைப்பாவளாங்க? மூணையும் இந்த வருஷமே முடிச்சிருவோம்," என்றாள் ரம்யா.

"சரி, காலையில குரங்கு, மத்தியானம் போலீஸ்..."

"காப்பு கட்டிப் போட்ட வேஷத்தக் குலசையில போயித்தான் கழத்தணும். மூணையும் ஒண்ணாப் போடுங்க."

பக்தி விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

வேஷம்கூடப் பெரிதில்லை. அன்று மாலை நடக்கவிருந்த கூட்டம்தான் பெரிய கவலை. கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் அவன் சாதாரண கிளார்க். ஆனால் தூத்துக்குடி காமிக்ஸ் வாசகர் வட்டத்துக்கு, தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் தலைவர். வாழ்க்கையில் அவனை யாராவது தலைவர் என்று கூப்பிட்டார்கள் என்றால் அது அங்கேதான்.

அந்தப் பதவிக்குத்தான் இப்போது ஆபத்து. கடலுக்கடியில் வாழும் காமிக்ஸ் ஹீரோ கருஞ்சுறா என்றால் அவனுக்கு உயிர். அந்தக் கருஞ்சுறாவை, வேறொரு கம்பெனியின் ஆகாய ஹீரோ செங்கழுகோடு சேர்த்து ஒரே கதையில் இறக்கிவிட்டார்கள்.

"ரெண்டு ஹீரோ சேர்ந்தா என்ன நடக்கும்? முதல்ல தப்பாப் புரிஞ்சிக்கிட்டு அடிச்சுக்கிடுவாங்க. அப்புறம் கை குலுக்குவாங்க. கடைசியில ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது. இது கதை இல்ல, சம்பந்தி சண்டை!" என்று வட்டத்தின் வாட்ஸப் குழுவில் பொங்கியிருந்தான்.

அதற்கு மழைக்குருவி என்ற பெயரில் ஒளிந்திருந்த உறுப்பினர் பதில் போட்டார்: "வலுவான காரணம் இருந்தா யாரும் யாரு கதைக்குள்ளயும் வரலாம். இத உங்க வாயாலயே சொல்ல வைக்கேன் தலைவரே."

குழுவில் பாதிப் பேர் மழைக்குருவி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். யார் சொல்வது சரி என்று கூட்டத்தில் ஓட்டெடுப்பு. தோற்றால் ராஜினாமா என்று இவனும் வீறாப்பாக அறிவித்துவிட்டான். வீட்டில் சொல்லி ஆறலாம் என்றால், ரம்யாவுக்கும் காமிக்ஸுக்கும் அலமாரியில் தூசி தட்டுவதோடு உறவு முடிந்தது என்பது அவன் எண்ணம்.

மக்ரூன் கடை மாடியில் கூட்டம். வேஷக்காரர்கள் வழக்கப்படி தசரா குழுவோடு தட்டேந்தித் தர்மம் கேட்டு வந்தவன், கடை வாசலில் நைசாகக் கழன்றுகொண்டான். வேஷத்தை மறைக்க ரெயின்கோட். கிரீடத்தின் மேல் அதன் தொப்பி. முகத்துச் சிவப்புச் சாயத்துக்கு ஒரு மாஸ்க். வெளியே சாயங்காலத்திலும் சுள்ளென்று வெயில்.

"என்ன தலைவரே, மழையா?" என்றான் துணைத்தலைவர் நேசக்குமார், சாயர்புரத்துக்காரன்.

"காய்ச்சல்," என்றபடி மைக்கைப் பிடித்தான். "நண்பர்களே! ஒரு உலகத்து ஆளு இன்னொரு உலகத்துக்குள்ள நுழையவே கூடாது! கலப்படம் எண்ணெய்ல வந்தாலும் குத்தம், காமிக்ஸ்ல வந்தாலும் குத்தம்!"

ஆவேசத்தில் கையை உயர்த்தினான். ரெயின்கோட் அக்குளில் கிழிந்து, பட்டன்கள் தெறித்தன. தொப்பி பின்னால் சரிந்தது. கிரீடம் பளபளத்தது, காக்கி தெரிந்தது, வால் பொத்தென்று சரிந்து தொங்கியது. பதற்றத்தில் மாஸ்க்கையும் இழுத்துவிட்டான்.

முன்வரிசையில் இருந்த பிளாரன்ஸ் டீச்சர் எழுந்தார். "மேல ராஜா, நடுவுல போலீஸ், பின்னால குரங்கு. இது எந்த உலகம் தலைவரே?"

கூரை பிய்த்துக்கொண்டு போவது போலச் சிரிப்பு. தலைவர் பதவி போயே போய்விட்டது என்று செந்தூர்வேலுக்குத் தோன்றியது. அவமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

கீழே தெருவில் தசரா மேளம் முழங்கியது. கரடிக்கு எமன் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒருத்திக்குப் புலி வழி விட்டது. யாரும் யாரையும் நீ எந்தக் கதை என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் குலசைக்குப் போகிறவர்கள். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இங்கன வந்து பாருங்க!" என்று கத்தினான். "கரடியும் எமனும் ஒரே தெருவுல நிக்காங்க. ஒருத்தனுக்காவது உறுத்துதா? ஏன்னா வந்த காரணம் ஒண்ணு, போற இடம் ஒண்ணு! வியாபாரத்துக்காகச் சேர்த்தா அது சந்தை. வலுவான காரணத்துக்காகச் சேர்ந்தா, அதாம்ல தசரா! காரணம் இருந்தா, கருஞ்சுறா ஆகாயத்துக்கும் போகலாம்!"

கைதட்டலில் மாடி அதிர்ந்தது. பிளாரன்ஸ் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓட்டெடுப்பே வேண்டாம், ஆயுசுக்கும் இவரே தலைவர் என்று நேசக்குமார் முன்மொழிய, எல்லோரும் கை தூக்கினார்கள். தர்மத் தட்டும் நிறைந்தது.

ராஜநடை போட்டு இறங்கி வந்தான் செந்தூர்வேல். வால் படிக்குப் படி தட்டிக்கொண்டே வந்தது. அவனுக்கு அது வெற்றி முரசாகக் கேட்டது.

கடை வாசலில் வீரபாகு மக்ரூன் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டேன் அண்ணாச்சி! மூணு வேஷமும் சேர்ந்துல்லா என்னைக் காப்பாத்திச்சு. எல்லாம் அம்மன் செயல்!"

"அம்மன் ஒண்ணும் அவசரப்படுத்தல தம்பி. வருஷத்துக்கு ஒண்ணு போட்டாப் போதும்னு நான் அன்னைக்கே ரம்யா தங்கச்சிகிட்ட சொன்னேன். அது கேக்கல. 'மூணையும் ஒண்ணா மாட்டி அனுப்புங்க அண்ணாச்சி, அப்பந்தான் மழைக்குருவி சொன்னத அவிய வாயாலயே சொல்லுவாவ'ன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ஆமா, யாரு தம்பி அந்த மழைக்குருவி?"