கோயிலடியில் நிற்கும் கார்

இணுவில் கந்தசாமி கோயிலடியில் தியாகராசாவின் பழைய கார் மூன்றாவது முறையாக நின்றது.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினார். பெற்றோல் இல்லாத காலம். கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்ராட் பண்ணவும் காபிரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். பெற்றோல் ஊற்றி வைத்திருந்த இருமல் மருந்துப் போத்தலில் கால்வாசிதான் மிச்சம்.

நாளை மகள் ஞானாம்பிகைக்குக் கல்யாணம். வட்டுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும். முகூர்த்தம் காலை எட்டரைக்கு.

மெக்கானிக் செபநாயகம் எஞ்சினில் பொறி விழும் பொயின்ற்றைத் தேய்த்துத் துடைத்தார்.

"மண்ணெண்ணெயிலை ஓடேக்கை பெடலிலை காலைத் தளர்த்தினியளோ, உடனை நிண்டிடும் அண்ணை."

"முப்பது வருஷமா ஓடுறன். எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

அடுத்து கார் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. கொண்டென்சரை மாற்றினார்கள். திரும்பி வரும்போது அதே பிள்ளையாரடியில் நின்றது. கடைசியில் செபநாயகம் தானே காரைக் கீரிமலைவரை ஓட்டிப் போய் வந்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"காரிலை ஒண்டுமில்லை."

"நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். உம்மோடை முருகனுக்கு என்ன கோவம்?"

மனைவி சிவக்கொழுந்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நிக்கிற இடமெல்லாம் கோயிலடி. போற போக்கிலை ஒரு கையாலை கும்பிட்டால் காணுமே? வடிவாக் கும்பிடுங்கோ."

அன்று பின்னேரம் அவளைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டார். வழியில் மீன் விற்கிற லூர்த்தம்மா பனையோலைக் கடகத்தோடு முன்சீற்றில் ஏறினாள்.

தியாகராசா ஒரு கோயிலையும் விடவில்லை. வேப்பமரத்தடி வைரவரையும் விடவில்லை. கார் ஒரு சாமியையும் விடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது. ஒவ்வொரு முறையும் போத்தலில் நாலு சொட்டுக் குறைந்தது.

"இன்னும் மனசொண்டிக் கும்பிடுங்கோவன்," என்றாள் சிவக்கொழுந்து.

அடுத்த கோயிலில் அவர் இரண்டு கையையும் ஸ்ரேறிங்கிலிருந்து எடுத்து, கண்ணை இறுக மூடினார். பின்னால் சிவக்கொழுந்தும் மூடினாள். லூர்த்தம்மா செபமாலையை எட்டிப் பிடித்தாள்.

கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

போத்தலில் இன்னும் ஒரு தரத்துக்குத்தான் இருந்தது. தியாகராசா ஸ்ரேறிங்கில் தலையைச் சாய்த்தார்.

"மாப்பிள்ளையைச் சைக்கிள் பாரிலை வைச்சே கொண்டாறது?"

"ஐயரைக் கேப்பம். ஏதோ பெரிய குற்றம் இருக்கு," என்று சிவக்கொழுந்து விம்மினாள்.

லூர்த்தம்மா செபமாலையைக் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு, அவர் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

"கும்பிடேக்கை நீங்கள் ரெண்டு பேரும் கண்ணை மூடுறியள், அண்ணை. நான்தான் முழிச்சுக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு கோயிலடியிலும் நீங்கள் செருப்பிலையிருந்து காலை எடுக்கிறியள். பெடலிலை வெறுஞ்செருப்புத்தான் கிடக்குது!"